ஜோக்கரும் நம்பியாரும் ஒரே காட்டில்!

*1952-ல் ஹாலிவுட்டோடு கைகோத்த சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்... அந்தப் படத்தின் போஸ்டரும் பாட்டுப் புத்தகமும் இன்று யார் கையில்?*

திரை முழுக்கப் பழுப்பு. செடிகொடிகளுக்கு நடுவே ஒரு ராட்சத உருவம் தெரிகிறது. உடம்பெங்கும் சடை சடையாக முடி. பனியுகத்தோடு பூண்டற்றுப்போன மாமூத் யானை இந்தியக் காட்டுக்குள் இன்னமும் உயிரோடு திரிகிறதாம். சரி, நம்பித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தால், அந்த மாமூத் சாவகாசமாகக் காதை விசிறிக்கொள்கிறது. ஆடி அசைந்து நாலு எட்டு வைக்கிறது. அவ்வளவுதான், குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. தேங்காய் மூடிக்குத் தும்பிக்கை நீட்டும் நம்ம ஊர் யானையேதான்! மேலே கம்பளி முடியைப் போர்த்தி, மாமூத் என்று பெயர் சூட்டிவிட்டிருக்கிறார்கள். வெயிலில் அது என்ன பாடுபட்டதோ.

படத்தின் பெயர் 'தி ஜங்கிள்'. 1952 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளியிட்டது லிப்பர்ட் பிக்சர்ஸ். இந்தியப் பங்காளி, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். தமிழில் 'காடு' என்று வந்தது. கதாநாயகன் ராட் கேமரன், நாயகி மேரி வின்ட்சர். கூடவே சீசர் ரொமேரோ. பின்னாளில் 'பேட்மேன்' டி.வி. தொடரில் பச்சைத் தலைமுடியும் வெள்ளை முகமுமாக ஜோக்கர் வேஷம் கட்டினாரே, அவர்தான். அதே படத்தில் நம்ம எம்.என்.நம்பியாரும் இருக்கிறார்.

எழுபது வருஷத்துக்கு முந்தைய படத்துக்கு இப்போது என்ன அட்டைப்படக் கட்டுரை என்று கேட்கலாம். பழைய சினிமாக் காகிதத்துக்கு மவுசு ஏறிக்கிடக்கிற காலம் இது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பாட்டுப் புத்தகம் கிடைத்தால், பேரன் போனில் படமெடுத்து 'எவ்வளவு போகும்?' என்று கேட்கிறான். மும்பை சோர் பஜாரிலும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலும் பழம்பொருள் கடைக்காரர்கள் சினிமாத் தாளைத் தனியாக எடுத்துவைக்கிறார்கள். ஒரே படத்துக்கு அமெரிக்கக் காகிதமும் தமிழ்க் காகிதமும் உண்டு என்றால், எது பிழைத்தது, எது போனது என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். அதற்கு இந்தக் கம்பளி யானையைவிடத் தோதான படம் கிடைக்காது.

முதலாளி போட்ட கணக்கு

மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரத்தைச் சேலத்தில் எல்லோரும் 'முதலாளி' என்றுதான் சொல்வார்கள். லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். சினிமாவையும் ஆலை மாதிரி நடத்தினார். சம்பளம் குறித்த நாளில், ஷூட்டிங் குறித்த மணியில். 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' இங்கிருந்துதான் போனது. 1956-ல் தமிழின் முதல் கலர்ப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' இங்கிருந்துதான் வந்தது. இப்படி 'முதல்' மேல் முதலாகப் பட்டியல் போட்ட மனிதருக்கு ஹாலிவுட்காரரோடு ஒரு படம் என்றால் கசக்குமா?

பாலம் போட்டவர் எல்லிஸ் ஆர்.டங்கன். ஓஹையோ மாநிலத்து பார்ட்டன்காரர். 1935-ல் இந்தியா வந்தார். 'சதி லீலாவதி'யில் எம்.ஜி.ஆரை முதன்முதலாகத் திரையில் நிறுத்தினார். 'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'மீரா' என்று எடுத்துத் தள்ளினார். தமிழ் மட்டும் கடைசிவரை அவருக்கு வரவில்லை. மாடர்ன் தியேட்டர்ஸுக்கு 1950-ல் 'பொன்முடி', 'மந்திரி குமாரி' முடித்த கையோடு அமெரிக்கா திரும்பியவர், 'தி ஜங்கிள்' தயாரிப்பில் கைகொடுத்தார்.

வந்து இறங்கிய கோஷ்டியைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது. இயக்குநர் வில்லியம் பெர்க் 1948-ல் 'ஜங்கிள் ஜிம்' எடுத்தவர். டார்ஜானாக நடித்து ஓய்ந்த ஜானி வெய்ஸ்முல்லருக்குச் சட்டை மாட்டிவிட்டு ஆரம்பித்த அந்த வரிசையில் 16 படங்கள் வந்தன. எல்லாம் கலிஃபோர்னியாவுக்குள்ளேயே முளைத்த ஆப்பிரிக்கா! கதாசிரியர் கேரல் யங்கும் அதே 'ஜங்கிள் ஜிம்' பட்டறை. ராட் கேமரன் கௌபாய் படங்களின் கதாநாயகன். ஒளிப்பதிவாளர் கிளைட் டி வின்னா மட்டும் வேறு ரகம். 'ஒயிட் ஷேடோஸ் இன் தி சவுத் சீஸ்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். 1931-ல் வெளியான 'டிரேடர் ஹார்ன்' படத்துக்காகக் கேமராவோடு நிஜமான ஆப்பிரிக்காவுக்கே போனவர். 1953-ல் காலமானார். அவர் கடைசியாகச் செய்த வேலைகளில் ஒன்றுதான் நம்ம காடு.

கதை? சமஸ்தானத்து இளவரசி வெளிநாட்டிலிருந்து திரும்புகிறாள். யானைக் கூட்டங்கள் மிரண்டு ஓடி ஊர்களை நாசம் செய்துகொண்டிருக்கின்றன. காரணம் கண்டுபிடிக்கப் போன குழுவில் அவளுடைய அண்ணன் உட்பட எல்லோரும் இறந்து, ஒரு வெள்ளைக்கார வேட்டைக்காரன் மட்டும் தப்பி வருகிறான். 'மாமூத்தைப் பார்த்தேன்' என்கிறான். யாரும் நம்பவில்லை. மறுபடி ஒரு பயணம். நடந்து, நடந்து, நடந்து... கடைசியில் கம்பளி.

லிப்பர்ட் கணக்கு சிக்கனக் கணக்கு. தியேட்டர் முதலாளியாக இருந்து தயாரிப்புக்கு வந்தவர் ராபர்ட் லிப்பர்ட். இரட்டைப் படக் காட்சிக்கு ஒரு துணைப்படம் வேண்டும், அது மலிவாக வேண்டும். கலருக்குச் செலவழிக்காமல் சாயம் முக்கியே ஜாலம் காட்டுவது அவர் கம்பெனிக்குக் கைவந்த கலை. 1951-ல் வந்த 'லாஸ்ட் கான்டினென்ட்' படத்தில் டைனோசர் வரும் பகுதிக்குப் பச்சைச் சாயம், 'தி ஜங்கிள்' படத்துக்குப் பழுப்பு. அந்தப் பச்சைப் படத்துக்கும் நாயகன் நம்ம ரொமேரோதான்.

> பெட்டிச் செய்தி: படமும் பெயர்களும்
>
> ஆங்கிலப் பெயர்: தி ஜங்கிள் (1952) தமிழில்: காடு
> இயக்கம்: வில்லியம் பெர்க் கதை: கேரல் யங் ஒளிப்பதிவு: கிளைட் டி வின்னா
> இசை: ஜி.ராமநாதன், தட்சிணாமூர்த்தி
> நடிப்பு: ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர், சுலோச்சனா, டேவிட் ஆப்ரஹாம், எம்.என்.நம்பியார்
> இதில் சுலோச்சனா என்பவர் ரூபி மையர்ஸ். இந்திய ஊமைப்பட யுகத்தின் உச்ச நட்சத்திரம். சொந்தப் பெயரிலேயே படத் தலைப்புகள் வைக்கும் அளவுக்குக் கொடிகட்டிப் பறந்தவர்.

எட்டாக மடித்த காகிதம்

அமெரிக்காவில் 1950-களில் ஒரு படத்துக்கு என்னென்ன விளம்பரத் தாள்கள் அடிப்பார்கள் என்பதற்குக் கறாரான அளவுகள் உண்டு. 27-க்கு 41 அங்குலத்தில் 'ஒன் ஷீட்'. தியேட்டர் வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டுவது. அதைவிடப் பெரியவை 'த்ரீ ஷீட்', 'சிக்ஸ் ஷீட்'. உள்ளே முன்கூடத்தில் வைக்க 11-க்கு 14 அங்குல 'லாபி கார்டு'. வழக்கமாக எட்டு அட்டை கொண்ட செட். முதல் அட்டையில் படத்தின் பெயர், மீதியில் காட்சிகள்.

இவற்றைப் பெரும்பாலான ஸ்டுடியோக்களுக்காக மொத்தமாகப் பட்டுவாடா செய்த கம்பெனி நேஷனல் ஸ்க்ரீன் சர்வீஸ். அவர்கள் போஸ்டரை விற்கவில்லை, வாடகைக்குத்தான் விட்டார்கள். தாளின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும்: இது கம்பெனியின் சொத்து, படம் ஓடி முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்கிற அர்த்தத்தில். வலது மூலையில் ஒரு எண். '52' என்று போட்டு, சாய்கோடு இழுத்து, அந்த வருஷத்தின் வரிசை எண். அந்த மூலையைப் பார்த்ததுமே சேகரிப்பாளர் கண்ணில் வெளிச்சம் வரும். தாளின் நடுவே செங்குத்தாக ஒரு மடிப்பு, குறுக்கே மூன்று மடிப்பு, ஆக எட்டுக் கட்டம். தியேட்டருக்கு அனுப்புவதற்காகக் கம்பெனியிலேயே மடித்தது. அழகைக் கெடுக்கும் கோடு என்று நாம் நினைப்போம். அவர்களுக்கு அதுதான் ஜாதகம். 1952-ம் வருஷத்து ஒன் ஷீட் ஒன்று மடிப்பே இல்லாமல் மொழுமொழுவென்று சுருட்டி வந்தால், வாங்குகிறவர் முதலில் சந்தேகப்படுவார்.

இந்த வாடகை முறைதான் காகிதத்தைக் காப்பாற்றியது. ஓடி முடிந்த போஸ்டர் கிடங்குக்குத் திரும்பி, அடுத்த ஊருக்குப் போனது. படத்தின் ஆயுள் முடிந்தபோது கிடங்கில் கட்டுக்கட்டாகத் தேங்கியது. பின்னாளில் அந்தக் கிடங்குகள் காலியானபோது வியாபாரிகள் மொத்தமாக அள்ளினார்கள். யாரும் கலையைப் போற்றிப் பாதுகாக்கவில்லை. திருப்பித் தராவிட்டால் காசு போகும் என்ற பயம், அவ்வளவுதான். மூன்றாம்தர மாமூத் படத்தின் போஸ்டர்கூட அப்படித்தான் தப்பிப் பிழைத்தது.

மாடு தின்ற போஸ்டர்

இங்கே கதை வேறு. நம் போஸ்டருக்குச் சட்டம் கிடையாது, சுவர்தான். வாளி நிறைய மைதாப் பசை, தென்னை மட்டையோ தட்டைத் தூரிகையோ, ஏணி. ஒட்டிய போஸ்டரின் மேலேயே வெள்ளிக்கிழமை அடுத்த படம். மழை பெய்தால் உரியும். உரிந்ததை மாடு தின்னும். பசையில் மாவு இருக்கிறதே, அதற்கு விருந்து! ஒட்டியதைத் திரும்பக் கேட்க எந்த விநியோகஸ்தருக்கும் தோன்றியிருக்காது, ஒட்டியது திரும்பவும் வராது. கிழக்குக் கடற்கரையிலிருந்து நீலகிரி வரை நம் 1950-களின் சுவரொட்டிக் கலை இப்படித்தான் வயிற்றுக்குள் போனது. மாட்டுவண்டியில் தமுக்கடித்துப் பறக்கவிட்ட நோட்டீஸ்கள்? அடுப்பு பற்றவைக்கவும் பட்டம் விடவும் போயின.

தப்பியது பாட்டுப் புத்தகம். இடைவேளையில் முறுக்கோடும் சோடாவோடும் சேர்த்து விற்றது. ஒரு அணா, இரண்டு அணா. இன்றைக்கு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலட்டையில் நாயகன் நாயகி முகம், ஒற்றை அல்லது இரட்டை மை. பிரித்ததும் நடிகர்கள் பெயர், எதிரே பாத்திரத்தின் பெயர். அடுத்து உழைத்தவர்கள் பட்டியல். ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, கலை, மேக்கப், லாபரட்டரி, சில சமயம் உதவியாளர்கள் வரை. பிறகு கதைச் சுருக்கம். சிக்கல் முற்றும் இடத்தில் சடாரென்று நிறுத்தி, மிச்சத்தை வெள்ளித்திரையில் காணச் சொல்லும் அந்தக் குறும்பு. அதற்குப் பிறகு பாட்டுகள், ராகம் தாளத்தோடு. நடுவில் இரும்பு ஊசி. அது துருப்பிடித்து இரண்டு பக்கத்திலும் காவி வட்டம் போட்டிருக்கும். தாளோ செய்தித்தாள் ரகம். தொட்டால் அப்பளம்.

ஆனால் அந்த அப்பளத்தில்தான் சரித்திரம் இருக்கிறது. தமிழின் 1930, 40-களின் படங்களில் பெரும்பாதிக்கு இன்று பிரதி இல்லை. தென்னிந்தியாவில் எடுத்த ஊமைப்படங்களில் கண்ணில் பார்க்க மிஞ்சிய கதைப்படம் 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே ஒன்று. படம் அழிந்த இடத்தில் கதை என்ன, யார் நடித்தார்கள், எத்தனை பாட்டு என்பதற்கெல்லாம் பாட்டுப் புத்தகமே சாட்சி. பிலிம் நியூஸ் ஆனந்தன் ஆயுள் முழுக்கச் சேர்த்தது இந்தச் சாட்சிகளைத்தான். அவருடைய சேகரிப்பை அரசு வாங்கியது. 2004-ல் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்ற தடித்த புத்தகமும் வந்தது. இன்றைக்கும் தமிழ் சினிமாவில் ஒரு தேதிச் சண்டை என்றால் அதைப் புரட்டித்தான் தீர்ப்பு. சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சினிமாத் தாளையும் நாடக நோட்டீஸையும் புத்தகத்துக்குச் சமமாக மதித்துச் சேர்த்ததால் வந்த பலன் அது.

ஜோக்கருக்கு விலை... ஜி.ராமநாதனுக்கு?

இனி விஷயத்துக்கு வருவோம். எந்தக் காகிதம் பிழைக்கிறதோ, அந்தக் காகிதம் சொல்லும் கதையே படத்தின் கதையாகிவிடுகிறது. 'தி ஜங்கிள்' அதற்கு ஓர் அப்பட்டமான உதாரணம்.

அமெரிக்கப் போஸ்டரில் கொட்டை எழுத்தில் வருவது மூன்று பேர். கேமரன், ரொமேரோ, வின்ட்சர். அந்தப் போஸ்டர்தான் ஏலப் பட்டியல்களிலும் விற்பனைத் தளங்களிலும் சுற்றுகிறது. வாங்குகிறவர் யார்? பெரும்பாலும் மூன்று ஜாதி. ஒன்று, மாமூத், டைனோசர், விண்கலம் என்று 1950-களின் மலிவு விசித்திரப் படங்களைச் சேர்ப்பவர்கள். இரண்டு, மேரி வின்ட்சரின் விசிறிகள். 'தி நேரோ மார்ஜின்', 'தி கில்லிங்' போன்ற குற்றப் படங்களால் அவருக்கு இன்றும் மதிப்பு. மூன்று, 'பேட்மேன்' பைத்தியங்கள். 1966-ல் ஜோக்கராக நடித்தபோது ரொமேரோ மீசையை எடுக்க மறுத்துவிட்டார். மேலேயே வெள்ளைச் சாயம் பூசினார்கள். அந்த மீசைக்காகவே அவருடைய பழைய படங்களின் தாளைத் தேடுகிற கூட்டம் ஒன்று உண்டு. இவர்களில் யாருக்கும் சேலம் எங்கிருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே, சந்தையில் இது ஒரு 'லிப்பர்ட் படம்'. ஆங்கிலக் கையேடுகளிலும் அப்படியே. இசை ஜி.ராமநாதன் என்பது பொடி எழுத்து. திருவாரூரிலும் திருச்சியிலும் இன்னமும் கச்சேரி மேடையில் அவர் பாட்டைப் பாடாமல் மெல்லிசைக் குழு இறங்காது. ஒரு ஹாலிவுட் படத்தின் டைட்டிலில் அவர் பெயர் இருக்கிறது என்பதை அவருடைய பரம ரசிகர்களிடம் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் அடித்துச் சொல்வார்கள், இருக்காது என்று. நம்பியாருக்கும் இதே கதிதான். 2008 நவம்பரில் அவர் மறைந்தபோது வந்த குறிப்புகளில் 'ஆங்கிலப் படத்திலும் நடித்தவர்' என்பது ஒற்றை வரி. எம்.ஜி.ஆரிடம் வாங்கிய அடிகளுக்குத்தான் பத்தி பத்தியாக இடம்.

இன்னும் கீழே போனால் நிலைமை மோசம். யானைக்குக் கம்பளி தைத்தவர் யார்? அதை மேய்த்து, அந்த வேஷத்தோடு கேமரா முன் நிறுத்திய பாகன் யார்? லைட் தூக்கியவர்கள், செட் போட்டவர்கள்? சேலத்து ஸ்டுடியோவில் மாதச் சம்பளத்துக்கு நூற்றுக்கணக்கான பேர் வேலை பார்த்தார்கள். அமெரிக்கத் துணைப்படம் ஒன்றுக்குச் செட் அசிஸ்டன்ட் பெயர் போடும் பழக்கம் அப்போது கிடையாது. அவர்கள் பெயர் எங்காவது அச்சில் ஏறியிருக்க வாய்ப்புண்டு என்றால், அது தமிழ்ப் பக்கத்துத் தாளில்தான். பாட்டுப் புத்தகத்தின் இரண்டாம் பக்கம், ஸ்டுடியோ சம்பளப் பதிவேடு, ஷூட்டிங் ஸ்டில்லின் பின்புறத்து ரப்பர் ஸ்டாம்ப். ஆயிரம் டாலர் போஸ்டர் சொல்லாததை இரண்டணாப் புத்தகம் சொல்லும்.

விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. விலை கூடினால் முதலில் நடப்பது உடைப்பு. எட்டு லாபி கார்டு செட்டைப் பிரித்து, நட்சத்திரம் தெரியும் அட்டை தனி விலை, மிருகம் தெரியும் அட்டை தனி விலை என்று விற்பார்கள். யாரும் அடையாளம் தெரியாத அட்டையை அவர்கள் பாஷையில் 'செத்த அட்டை' என்பார்கள். ஒரு சேலம் படத்துக்கு அந்தச் செத்த அட்டையில்தான் நம் ஆட்கள் நிற்பார்கள் என்பது என் சந்தேகம். மலிவாகக் கிடைத்தால் அதைத்தான் நான் வாங்குவேன்.

> பெட்டிச் செய்தி: காட்டுப் படங்களின் புதையல்கள்
>
> எலும்புக்கூடு: 1933-ம் வருஷத்து 'கிங் காங்' பொம்மையின் முயல் முடியும் ரப்பரும் உதிர்ந்து, உள்ளிருந்த உலோகச் சட்டகம் மட்டும் மிஞ்சியது. 2009-ல் லண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் ஒரு லட்சத்து 20 ஆயிரம் பவுண்டுக்கு மேல் போனது. 22 அங்குல உயரம்!
>
> போஸ்டர்: அதே 'கிங் காங்'கின் த்ரீ ஷீட் ஒன்று 2012-ல் அமெரிக்க ஏலத்தில் 3,88,375 டாலர்.
>
> படகு: 1951-ல் வந்த 'தி ஆப்ரிக்கன் குயின்' படத்தின் நீராவிப் படகு 1912-ல் இங்கிலாந்தில் கட்டியது. இப்போது ஃபுளோரிடாவின் கீ லார்கோவில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது.
>
> இசைத்தட்டு: மைசூர் யானைப் பாகன் மகன் சாபு நடித்த 'ஜங்கிள் புக்' (1942) இசை, சாபுவின் குரலிலேயே கதை சொல்லி இசைத்தட்டுகளாக வந்தது. ஹாலிவுட் பின்னணி இசை விற்பனைக்கு வந்ததில் அதுதான் முன்னோடி.

புதுசைப் பழசாக்கும் தொழில்

பணம் வந்தால் பின்னாலேயே போலி வரும். இங்கே சட்டமும் அதற்கு ஒத்தாசை செய்கிறது. இந்தியாவில் ஒரு திரைப்படத்துக்குப் பதிப்புரிமை, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். 1952-ம் வருஷத்துப் படத்துக்கு 2012 டிசம்பரோடு கணக்குத் தீர்ந்தது. அமெரிக்காவில் அந்தக் காலத்துப் படங்களுக்கு 28-வது வருஷம் உரிமையைப் புதுப்பிக்க வேண்டும். சின்னக் கம்பெனிகள் நிறையப் பேர் கோட்டைவிட்டார்கள். பழைய போஸ்டரை ஸ்கேன் செய்து அச்சடித்து, 'ரீப்ரின்ட்' என்று சொல்லி விற்பதில் குற்றம் சொல்ல முடியாது. தேநீரில் நனைத்து, வெயிலில் வாட்டி, 'தாத்தா வீட்டுப் பரணில் இருந்தது' என்று விற்பதுதான் மோசடி.

பிடிப்பதற்கு வழி இருக்கிறது. ஒரு சாதாரண பூதக்கண்ணாடி போதும். அசலில் எழுத்து அடர்த்தியாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். படம்பிடித்து அடித்த நகலில் எழுத்தே பொட்டுப் பொட்டாகச் சிதறும். பாட்டுப் புத்தகத்துக்கு விரல் போதும். ஈய எழுத்துக் கோத்து அடித்த தாளைத் திருப்பி, பின்பக்கத்தைத் தடவினால் எழுத்தின் அழுத்தம் மேடாகத் தட்டுப்படும். டிஜிட்டல் நகல் மழுமழு. ரூபாய் நோட்டுப் பார்க்கும் நீல விளக்கின் கீழே வைத்தால் இன்றைய தாள் பளீரென்று ஒளிரும், அந்தக் காலத்துச் செய்தித்தாள் மங்கிக் கிடக்கும். ஊசித் துருவையும் பாருங்கள். துரு ஊசியைச் சுற்றித் தாளுக்குள் ஊறியிருக்க வேண்டும். பழைய ஊசியைப் புதுத் தாளில் குத்தினால் அது ஊறியிருக்காது.

2027-ல் ஒரு கேள்வி

வெளிநாட்டுக்கு விற்க நினைப்பவர்கள் ஒரு சட்டத்தைக் கவனிக்க வேண்டும். 1972-ம் வருஷத்து தொல்பொருள், கலைப் பொக்கிஷங்கள் சட்டம். சிலை, ஓவியம், அச்சுப்படம் எல்லாம் 100 வயது ஆனால் தொல்பொருள். ஆனால், வரலாற்று, இலக்கிய, அழகியல் மதிப்புள்ள கையெழுத்துப் படி, பதிவேடு, ஆவணம் என்றால் 75 வயதே போதும். தொல்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

1952-ம் வருஷத்துக் காகிதத்துக்கு 2027-ல் 75 வயது நிறைகிறது. 'பராசக்தி'யும் அதே வருஷம்தான். பாட்டுப் புத்தகம் 'ஆவணமா', வெறும் விளம்பரத் துண்டா? ஸ்டுடியோவின் ஒப்பந்தமும் கணக்குப் புத்தகமும் ஆவணம் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. பாட்டுப் புத்தகத்துக்கு அதிகாரியின் பார்வையைப் பொறுத்துப் பதில் மாறும். தொல்பொருள் அல்ல என்று சான்று தருவது தொல்லியல் துறையின் வேலை. இணையத்தில் பார்சல் கட்டி அனுப்பும் சின்ன வியாபாரிகளில் எத்தனை பேர் அந்தச் சான்றுக்குப் போவார்கள்? சட்டத்தின் நோக்கம் நல்லதுதான். அதே நேரம், இங்கே வாங்க ஆளில்லாமல் வெளியே விற்கவும் வழியில்லாமல் போனால் தாள் நேரே காயலான் கடைக்குத்தான் போகும். கிலோ கணக்கில்.

சேலத்தில் வளைவு, சார்ல்ஸ்டனில் பெட்டி

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு நிற்கிறது. எம்.ஜி.ஆரும் கருணாநிதியும் கண்ணதாசனும் நுழைந்த வாசல். உள்ளே ஸ்டுடியோ இல்லை, குடியிருப்புகள். பஸ்ஸில் போகிறவர்கள் வளைவைப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஊருக்குள் ஒரு சினிமா அருங்காட்சியகம் வேண்டும் என்ற பேச்சு வளைவை ஒட்டியே எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. சென்னையில் ஏ.வி.எம். 2023-ல் தன் பழைய கேமராக்களையும் கார்களையும் வைத்து ஓர் அருங்காட்சியகம் திறந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட படம் எடுத்த சேலத்தின் முகவரியாக மிஞ்சியது ஒரு கல் வளைவு.

டங்கன் 2001-ல் மறைந்தார். அவருடைய தொகுப்பு அமெரிக்காவில் மேற்கு வர்ஜினியா மாநில ஆவணக் காப்பகத்தில், சார்ல்ஸ்டனில், ஒழுங்காக இருக்கிறது. தமிழ்ப் படங்களின் படப்பிடிப்புப் புகைப்படம் தேடுகிறவர் அந்த ஊர்வரை போக வேண்டியிருக்கிறது. 2013-ல் கரண் பாலி எடுத்த 'ஆன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்' ஆவணப்படத்தில் டங்கனின் அந்த வாழ்க்கையைப் பார்க்கலாம். தமிழ் பேசத் தெரியாத மனிதர் தமிழ் சினிமாவின் தாள்களைப் பத்திரப்படுத்தினார். தமிழ் பேசிய நாம் பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டோம். இதில் யாரைக் குறை சொல்வது? சம்பளப் பதிவேட்டுக்கு ஒரு நாள் மதிப்பு வரும் என்று அன்றைக்கு எந்தக் கணக்குப்பிள்ளை கண்டார்?

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குக் கோடி ரூபாய் தேவையில்லை. அமெரிக்கச் சேகரிப்பாளரிடம் 'தி ஜங்கிள்' லாபி கார்டு இருக்கிறது. இங்கே யார் வீட்டுப் பரணிலோ மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டில் இருக்கும். இரண்டின் ஸ்கேனும் ஓரிடத்தில் சேர்ந்தால் 'செத்த அட்டை'யில் நிற்கும் முகங்களுக்குப் பெயர் வைக்கலாம். சேலத்தில் அந்த ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் இருக்கிறார்கள். 'இது எங்க தாத்தா' என்று ஒருவர் விரல் நீட்டினால் போதும். அசலை யாரும் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

வீட்டில் அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகமோ ஸ்டில்லோ இருந்தால் மூன்று விஷயம். லேமினேஷன் கடைக்கு எடுத்துப் போகாதீர்கள், சூடும் பசையும் சேர்ந்து தாளைக் கொன்றுவிடும். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் மஞ்சள் பட்டை மட்டும் தங்கும். துருப்பிடித்த ஊசியைப் பிடுங்கி இழுக்காமல், பின்பக்கக் கால்களை மெல்ல நிமிர்த்திக் கழற்றுங்கள். பிறகு அமிலமில்லாத காகித உறையில் படுக்கைவாட்டில் வைத்து, அந்துருண்டை போடாமல், பரணில் ஏற்றாமல், வீட்டின் உள்சுவர் ஓரத்து அலமாரியில் வையுங்கள். விற்பதா வேண்டாமா என்று அப்புறம் யோசிக்கலாம். அதற்கு முன்னால் இரண்டாம் பக்கத்தை, அதாவது பெயர்கள் உள்ள பக்கத்தை, பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.